ஆமென்: சொல்லின் பிறப்பும் பொருளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை யூத ஜெபக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், ஐந்து வேளையும் பள்ளிவாசலில் சற்றே மாறிய ஒலியோடு ‘ஆமீன்’ என்று கேட்கும் சொல் இது. தினமும் கோடிக்கணக்கான வாய்கள் உச்சரிப்பதால் இதைப் பற்றிய கட்டுக்கதைகளுக்கும் குறைவில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறேன்.

ஆமென் என்றால் சரியாக என்ன பொருள்?

‘அப்படியே ஆகட்டும்’ என்றுதான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பாதி விடை. ஒரு வேண்டுதலுக்குப் பின்னால் வந்தால் அந்தப் பொருள் பொருந்தும். ஆனால் இந்தச் சொல் சாபத்துக்குப் பின்னும் வரும், சத்தியப் பிரமாணத்துக்குப் பின்னும் வரும், அரச கட்டளைக்குப் பின்னும் வரும். அங்கெல்லாம் ‘மெய்’, ‘ஏற்கிறேன்’, ‘இதற்கு நான் கட்டுப்படுகிறேன்’ என்பதே பொருள். ஆமென் என்ற சொல்லுக்குள் சத்தியப் பிரமாணம், ஏற்பு, உறுதிப்படுத்தல் ஆகிய மூன்றும் இருக்கின்றன என்று யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூது வகுத்துச் சொல்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

‘ஜெபம் முடிந்தது, கண்ணைத் திறக்கலாம்’ என்ற பொருள் நாமாக ஏற்றிக்கொண்டது. கடைசியில் வருவதால் அதை முடிவின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம். அது உண்மையில் ஒரு பதில். ஒருவர் பேச, கேட்டவர் சொல்லும் பதில்.

எந்த மொழிச் சொல்? அதன் வேர் எது?

எபிரெயம். அலெப், மேம், நூன் என்ற மூன்று மெய்யெழுத்துகளால் ஆன வேர். உறுதி, நிலைபெறுதல், தாங்குதல் என்பவை அதன் அடிப்படைக் கருத்துகள். அந்த வேரிலிருந்து கிளைத்த சொற்களைப் பார்த்தால் பொருள் இன்னும் துலங்கும்.

‘எமெத்’ என்றால் உண்மை. ‘எமுனா’ என்றால் விசுவாசம். இந்த எமுனா வேதாகமத்தில் முதன்முதலாக வருவது யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில். அமலேக்கியரோடு போர் நடக்கும்போது மோசே குன்றின்மேல் கைகளை உயர்த்தி நிற்கிறார். கை தாழ்ந்தால் தோல்வி. அவர் சோர்ந்துபோக, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் கையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். சூரியன் மறையும்வரை மோசேயின் கைகள் ‘ஒரே நிலையாய்’ இருந்தன என்கிறது தமிழ் வேதாகமம். அந்த ‘ஒரே நிலை’தான் மூலத்தில் எமுனா. மனசுக்குள் நடக்கும் சங்கதியாக நாம் நினைக்கும் விசுவாசம், அங்கே அசையாமல் நிற்கும் இரண்டு கைகள். அதுவும் பிறர் தாங்கிப் பிடித்த கைகள்.

குழந்தையை மடியில் ஏந்தி வளர்ப்பவளுக்கு ‘ஓமெனெத்’ என்று பெயர். ரூத்தின் பிள்ளையை எடுத்து வளர்த்த நகோமிக்கு இந்தச் சொல்தான் வருகிறது. கதவைத் தாங்கும் நிலைக்கால்களுக்கும் இதே வேரில் ஒரு சொல் உண்டு. ஏசாயா தீர்க்கதரிசி இந்த வேரை வைத்துச் சிலேடையே செய்திருக்கிறார்: ‘நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்’ (7:9). மூலத்தில் ‘விசுவாசி’, ‘நிலைபெறு’ இரண்டும் ஒரே வினையின் இரு வடிவங்கள்.

தமிழில் ‘ஆம்’ + ‘என்’ சேர்ந்துதான் ‘ஆமென்’ ஆனது என்கிறார்களே?

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. புணர்ச்சி விதிப்படியும் ஆம் + என் = ஆமென் என்பது சரியே. ‘என்’ என்பதை ஏவலாகக் கொண்டால் ‘ஆம் என்று சொல்’ என்ற பொருளும் கிடைத்துவிடுகிறது. இவ்வளவு கச்சிதமாக அமைந்தால் நம்பத் தோன்றாதா?

ஆனாலும் இது தற்செயல். தமிழின் ‘ஆம்’ என்பது ‘ஆகும்’ என்பதன் சுருக்கம். அதன் வேர் ‘ஆ’. எபிரெயச் சொல்லில் நடுவிலும் கடைசியிலும் உள்ள ம, ன இரண்டும் வேரின் உறுப்புகள். அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. மேலே சொன்ன எமெத், எமுனா, ஓமெனெத் என்ற குடும்பமே அந்த மொழிக்குள் இருக்கும்போது, இந்த ஒரு பிள்ளையை மட்டும் தமிழுக்குத் தத்துக் கேட்பது நியாயமில்லை.

இந்தத் தற்செயல் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஓர் அழகைக் கொடுத்துவிட்டது என்பது வேறு கதை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் (1:20) கடவுளின் வாக்குத்தத்தங்களைப் பற்றிப் பவுல் எழுதியது தமிழில் ‘ஆம் என்றும், அவருக்குள் ஆமென் என்றும்’ என்று வந்திருக்கிறது. கிரேக்கத்தில் இந்த ஓசை நயம் இல்லை. அங்கே ‘ஆம்’ என்பதற்கு ‘நாய்’ என்று சொல்வார்கள்!

அப்படியானால் ‘ஓம்’ என்பதோடு உறவு உண்டா?

பிறப்பில் உறவு கிடையாது. வேலையில் ஓர் ஒற்றுமை உண்டு. சாந்தோக்ய உபநிடதத்தின் தொடக்கத்திலேயே, ‘ஓம்’ என்பது இசைவைக் குறிக்கும் எழுத்து, ஒருவர் எதற்கு உடன்பட்டாலும் ‘ஓம்’ என்றுதான் சொல்கிறார் என்று வருகிறது. யாழ்ப்பாணத்தில் இன்றும் கேள்விக்கு ‘ஆமாம்’ என்பதற்குப் பதிலாக ‘ஓம்’ என்றே பதில் வரும். ‘சாப்பிட்டாச்சா?’ ‘ஓம்.’

வேத கால ‘ஓம்’ திராவிட மொழிகளின் ‘ஆம்’ என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று பின்லாந்து அறிஞர் அஸ்கோ பார்ப்போலா ஒரு கருத்தை முன்வைத்தார். அது எல்லோரும் ஏற்ற முடிவல்ல. ஏற்றாலும் அதனால் ‘ஆமென்’ தமிழாகிவிடாது. ஒத்துக்கொள்வதற்கு உதடுகளை மூடி ‘ம்’ என்பது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். அதை வைத்து வம்சாவளி எழுதினால் எல்லா மொழியும் எல்லா மொழிக்கும் பங்காளிதான்.

எகிப்தியரின் ஆமூன் தெய்வத்தின் பெயர்தான் ஆமென் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது...

வரும். வருடத்துக்கு இரண்டு முறை வரும். ஆமூன் என்ற எகிப்தியப் பெயருக்கு ‘மறைந்திருப்பவர்’ என்று பொருள். மொழி வேறு, வேர் வேறு. எபிரெய வேதத்தில் அந்தத் தெய்வத்தின் பெயரும் வருகிறது. எரேமியா 46:25இல் பார்க்கலாம். அங்கே அது வேறு எழுத்துக்கூட்டலில், வேறு உயிரொலியோடு இருக்கிறது. அதை எழுதியவர்களுக்கே இரண்டும் வேறு என்று தெரிந்திருக்கிறது.

வேதாகமத்துக்கு வெளியே இந்தச் சொல்லுக்குப் பழைய சான்று உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சான்று அது. 1960இல் இஸ்ரேலின் கடற்கரையில், யாவ்னே என்ற ஊருக்கு அருகே ஒரு பழைய கோட்டையில் மட்பாண்ட ஓடு ஒன்று கிடைத்தது. காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதன்மேல் மையால் எழுதியிருப்பது ஓர் அறுவடைக் கூலியாளின் மனு.

அதிகாரியிடம் அவர் முறையிடுகிறார்: நான் அறுத்தேன், அளந்தேன், களஞ்சியத்தில் சேர்த்தேன், வேலையை முடித்த பிறகு சோபாயின் மகன் ஓசயாகு வந்து என் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டான், வெயிலில் என்னோடு அறுத்த என் சகோதரர்கள் எல்லோரும் எனக்காகச் சாட்சி சொல்வார்கள். இதையடுத்து வருகிறது அந்தச் சொல்: ஆமென், நான் குற்றமற்றவன். ‘மெய்யாகவே நான் குற்றமற்றவன்’ என்று மனுதாரர் சொல்வதாகச் சிலர் படிக்கிறார்கள். ‘சகோதரர்கள் ஆமென் என்று சொல்வார்கள்’ என்று பிரித்துப் படிப்பவர்களும் உண்டு.

அடகாக வாங்கிய ஆடையைப் பொழுது சாய்வதற்குள் ஏழைக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு என்ன இருக்கிறது என்று யாத்திராகமச் சட்டம் கேட்கிறது. அந்தச் சட்டத்தின் பலன் எட்டாத ஒருவரின் குரல் இந்த ஓட்டில் இருக்கிறது. ஆடை திரும்பக் கிடைத்ததா என்பது ஓட்டில் இல்லை. இங்கே ஜெபம் எதுவும் நடக்கவில்லை; ஆமென் சாட்சிக்கூண்டின் சொல்லாக நிற்கிறது.

வேதாகமத்தில் முதன்முதலில் ஆமென் சொன்னவர் யார்?

புத்தக வரிசைப்படி பார்த்தால் ஒரு பெண். அதுவும் விருப்பத்தோடு அல்ல. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில், கணவன் சந்தேகப்பட்ட மனைவியை ஆசாரியரின் முன் நிறுத்தும் சடங்கு விவரிக்கப்படுகிறது. சாப வார்த்தைகளை எழுதி, அவற்றைக் கசப்பான தண்ணீரில் கழுவி, அதைக் குடிக்கக் கொடுப்பார்கள். குடிப்பதற்கு முன் அவள் ‘ஆமென், ஆமென்’ என்று சொல்லியாக வேண்டும். எவ்வளவு விளக்கம் சொன்னாலும் படிக்கச் சங்கடமான பகுதிதான்.

அடுத்தது உபாகமம் 27. ஏபால் மலையும் கெரிசீம் மலையும் எதிரெதிரே நிற்க, ஆலயப் பணி செய்யும் குலத்தவரான லேவியர்கள் உரத்த குரலில் பன்னிரண்டு சாபங்களைச் சொல்லவேண்டும். ஒவ்வொன்றுக்கும் மக்கள் அத்தனை பேரும் ஆமென் சொல்லவேண்டும். பிறனுடைய எல்லைக்கல்லை நகர்த்துபவன், குருடனை வழிதப்பச் செய்பவன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோரின் நியாயத்தைப் புரட்டுபவன், ஒளிவில் அடுத்தவனை அடிப்பவன் என்று அந்தப் பட்டியல் போகிறது. பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் செய்யக்கூடிய காரியங்கள். ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை வெட்டியவனும் அந்தக் கூட்டத்தில் நின்று, தன் சாபத்துக்குத் தானே ஆமென் சொல்வான். சாட்சி இல்லாத குற்றத்துக்கு அவன் வாயே சாட்சி.

அரசவையிலும் இது புழங்கியிருக்கிறது. சாலொமோனை அரசனாக்குங்கள் என்று தாவீது ஆணையிட்டபோது தளபதி பெனாயா ‘ஆமென்’ என்றுதான் பதில் சொல்கிறார். எரேமியாவின் ஆமென் இன்னும் சுவையானது. பாபிலோனியர் கொண்டுபோன ஆலயப் பாத்திரங்கள் எல்லாம் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடும் என்று அனனியா என்பவன் மக்கள் முன்னால் முழங்குகிறான். ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்கிறார் எரேமியா. அவருக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. நடந்தால் நல்லதுதான், நடக்கட்டும் பார்ப்போம் என்ற தொனி.

இயேசு இதை வாக்கியத்தின் தொடக்கத்தில் சொன்னார் என்பது உண்மையா?

உண்மைதான். அதை விசித்திரமென்றே சொல்லவேண்டும். பிறர் பேசியதற்குப் பதிலாக வரவேண்டிய சொல்லைத் தாம் பேசப்போவதற்கு முன்னால் வைப்பது இயேசுவின் தனி நடை. ‘ஆமென், உங்களுக்குச் சொல்கிறேன்’ என்று தொடங்குவார். யோவான் நற்செய்தியில் மட்டும் இது இரட்டையாக, ‘ஆமென், ஆமென்’ என்று 25 இடங்களில் வருகிறது.

தமிழ் வாசகருக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம் மொழிபெயர்ப்பு. சீர்திருத்தச் சபைகளின் பழைய வேதாகமத்தில் அது ‘மெய்யாகவே மெய்யாகவே’ ஆகிவிட்டது. கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் ‘மிக உறுதியாக’ என்று இருக்கும். இரண்டும் பொருளில் சரி. என்னைக் கேட்டால் ‘மெய்யாகவே மெய்யாகவே’ என்பதில் மூலத்தின் தாளம் இருக்கிறது. ‘மிக உறுதியாக’ என்பது அரசு அறிக்கையை நினைவூட்டுகிறது. மறுபுறம், வெளிப்படுத்தின விசேஷம் 3:14இல் ‘ஆமென் என்பவர்’ என்று கிறிஸ்துவின் பெயராகவே இது அப்படியே விடப்பட்டிருக்கிறது.

ஜெபத்தின் கடைசிக்கு எப்படி வந்து சேர்ந்தது?

சங்கீதப் புத்தகம் ஐந்து பாகங்களாகப் பிரிந்தது. முதல் நான்கு பாகங்களும் (41, 72, 89, 106ஆம் சங்கீதங்களில்) ஆமெனோடு முடிகின்றன. பாடகர் பாடி முடித்ததும் கூட்டம் சொல்லவேண்டிய பதிலே ஏட்டிலும் ஏறிவிட்டது. கிறிஸ்தவர்கள் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். கி.பி. 155 வாக்கில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின், தலைமை தாங்குபவர் ஜெபித்து முடித்ததும் மக்கள் எல்லோரும் ஆமென் என்று உடன்படுவதைக் குறிப்பிட்டு, அந்த எபிரெயச் சொல்லுக்கு விளக்கமும் தருகிறார். ரோமாபுரியின் ஆலயங்களில் மக்களின் ஆமென் இடிமுழக்கம்போல் ஒலித்தது என்கிறார் வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம்.

நற்கருணை வாங்கும்போது ‘கிறிஸ்துவின் உடல்’ என்று குரு சொல்ல, வாங்குபவர் ‘ஆமென்’ என்பது இன்றும் கத்தோலிக்க வழக்கம். அந்தப் பதிலைக் கையொப்பம் இடுவதற்கு ஒப்பிட்டுப் பழைய திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன் பிரசங்கம் செய்திருக்கிறார். படிக்காமல் கையெழுத்துப் போடுவதைப் பற்றியும் அதற்கு முன்பே பவுல் கேட்டுவிட்டார்: நீ பேசும் பாஷை புரியாதவன் உன் ஸ்தோத்திரத்துக்கு எப்படி ஆமென் சொல்லுவான்? (1 கொரிந்தியர் 14:16). பூசையை அவரவர் மொழியில் நடத்த வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன்புவரை நம் ஊர்ப் பாட்டிமார் லத்தீன் பூசைக்கு ஆமென் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தாத்தா காலத்து ஜெபங்களில் ‘ஆமென் சேசு’ என்று வருகிறதே?

பழைய கத்தோலிக்க மந்திரங்களின் முடிவு அப்படித்தான். போர்ச்சுகீசியரிடம் இருந்த ‘ஆமென், ஜேசுஸ்’ என்ற வழக்கம் இங்கே வந்து தமிழ் உச்சரிப்பில் அப்படி அமைந்தது. முத்துக்குளித்துறை ஊர்களின் வயதானவர்களிடம் இன்றும் கேட்கலாம்.

யூதர்களுக்கு ஆமென் சொல்வதில் விதிமுறைகள் உண்டா?

ஏராளம். மூன்று தவறான ஆமென்களைத் தல்மூது பெயரிட்டே கண்டிக்கிறது. எந்த ஆசீர்வாதத்துக்கு என்று தெரியாமல் சொல்வது ‘அநாதை ஆமென்’. முதல் எழுத்தை விழுங்கிச் சொல்வது ‘பறித்த ஆமென்’. கடைசி எழுத்தை விழுங்கினால் ‘அறுந்த ஆமென்’. பொதுவாகத் தன் ஆசீர்வாதத்துக்குத் தானே ஆமென் சொல்லக்கூடாது. பதில் சொல்ல இன்னொருவர் வேண்டும்.

அலெக்சாந்திரியாவில் இருந்த பிரம்மாண்டமான ஜெபக்கூடத்தைப் பற்றியும் தல்மூதில் ஒரு வருணனை உண்டு. கூட்டத்தின் பின்வரிசைக்குக் குரல் எட்டாது. மைக் இல்லாத காலம். நடுவில் மரமேடையில் ஒருவர் துணியோடு நிற்பார். ஆமென் சொல்லவேண்டிய இடம் வந்ததும் அதை வீசுவார், மொத்தக் கூட்டமும் ஆமென் என்னும்.

இன்னொரு கதை நம் ஊருக்கு மிகவும் பழக்கமானது. ஓய்வுநாள் இரவில் ஜெபக்கூடத்திலிருந்து வீடு திரும்புபவரோடு இரண்டு தூதர்கள் வருவார்களாம், ஒருவர் நல்லவர், ஒருவர் கெட்டவர். வீட்டில் விளக்கேற்றி, மேசை ஒழுங்காக இருந்தால் ‘அடுத்த வாரமும் இப்படியே இருக்கட்டும்’ என்பார் நல்லவர். கெட்டவர் மனமில்லாமல் ஆமென் சொல்லியாக வேண்டும். வீடு அலங்கோலமாக இருந்தால் கெட்டவர் அதையே சொல்ல, நல்லவர் ஆமென் சொல்லியாக வேண்டும். ‘விளக்கு வைத்த நேரத்தில் கெட்ட வார்த்தை பேசாதே, ததாஸ்து தேவதைகள் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டு போகும்’ என்று அதட்டும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். ‘ததாஸ்து’ என்றாலும் ‘அப்படியே ஆகுக’ என்றுதான் பொருள். அது சமஸ்கிருதம்.

முஸ்லிம்களின் ‘ஆமீன்’ இதே சொல்லா?

ஆமாம். தொழுகையில் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதியபின் ஆமீன் சொல்கிறார்கள். அது குர்ஆனின் பகுதி அல்ல; அச்சிட்ட குர்ஆனில் ஃபாத்திஹாவின் முடிவில் அந்தச் சொல் இருக்காது. இமாம் சத்தமாக ஓதும் தொழுகைகளில் ஷாஃபி மத்ஹபினர் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்டப் பிரிவு) ஆமீனையும் சத்தமாகச் சொல்வார்கள். ஹனஃபி பிரிவினர் மெதுவாகத் தமக்குள் சொல்வார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழக்கம் மிகுதி. சொல்பவரின் ஆமீனும் வானவர்களின் ஆமீனும் ஒருசேர அமைந்தால் முந்தைய பாவங்கள் மன்னிக்கப்படும் என்று நபிமொழி இருக்கிறது. துஆ எனும் வேண்டுதலின் முடிவில் ‘ஆமீன், யா ரப்பல் ஆலமீன்’ என்று கூட்டமாகச் சொல்வதும் உண்டு.

எபிரெயத்துக்கும் அரபுக்கும் அந்த வேர் பொது. ஈமான் (இறைநம்பிக்கை), முஃமின் (நம்பிக்கையாளர்), அமானிதம் ஆகிய மூன்றும் அந்த வேரின் கிளைகள். நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். நம்பிக்கைக்குரியவர் ‘அமீன்’. அந்த அமீன்தான் பாரசீகம், உருது வழியாக நம் நீதிமன்றத்துக்கு வந்து ‘அமீனா’ ஆனார். ஜப்தி ஆணையோடு வாசலில் நிற்பவரைப் பார்த்து நம்பிக்கைக்குரியவர் என்ற நினைப்பு யாருக்கும் வராதுதான்.

‘மென்’ என்று முடிவதால் இது ஆண்களைக் குறிக்கிறதா?

இல்லை. ஆங்கிலச் சொல்லோடு எந்த உறவும் இல்லை. 2021 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொடக்க ஜெபத்தை எமானுவேல் கிளீவர் என்ற உறுப்பினர் ‘ஆமென், ஆ-வுமன்’ என்று முடித்து, உலகமெங்கும் கேலிக்கும் சண்டைக்கும் ஆளானார். அவர் ஒரு மெதடிஸ்ட் போதகரும்கூட. சிலேடைக்காகச் சொன்னது என்றார்.

பழைய கிரேக்கக் கடிதங்களில் ஆமெனுக்குப் பதில் 99 என்று இருக்குமாமே?

இருக்கும். கிரேக்க எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. அந்தக் கணக்கில் ஆமென் 1 + 40 + 8 + 50 = 99. எகிப்தில் கிடைத்த கிறிஸ்தவப் பாப்பிரசு (நாணல் தாள்) ஏடுகளில் 99ஐக் குறிக்கும் இரண்டு எழுத்துகளை மட்டும் போட்டு முடிப்பார்கள். எபிரெயக் கணக்கில் 91 வரும்.

பிரசங்கத்தின் நடுவில் ‘ஆமென் சொல்லுங்கள்’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது சரியா?

தவறென்று யாரும் சட்டம் போட முடியாது. கேட்பவரிடம் பதில் எதிர்பார்ப்பது இந்தச் சொல்லின் இயல்புக்கு ஒத்ததே. உபாகமத்தில் லேவியர்களும் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் ஒவ்வொரு முறையும் எதற்கு ஆமென் என்று முதலில் தெளிவாகச் சொன்னார்கள். ‘சத்தம் பத்தவில்லை, இன்னொரு தடவை’ என்று ஒலி அளவை மட்டும் கேட்கும்போது, தல்மூது சொன்ன அந்த அநாதை ஆமென்தான் மண்டபம் முழுக்கக் கேட்கிறது. உடன்பாடில்லாத ஒன்றுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க எவருக்கும் உரிமை உண்டு.

தனியாக ஜெபிக்கும்போது நானே ஆமென் சொல்லலாமா?

கிறிஸ்தவ வழக்கத்தில் தாராளமாக. யூத வழக்கத்தில் பெரும்பாலும் இல்லை. இஸ்லாமில் தனியாகத் தொழுபவரும் ஃபாத்திஹாவுக்குப் பின் ஆமீன் சொல்வார்.

ஆமென், ஆமேன், ஆமீன்: எப்படி எழுதுவது?

கிறிஸ்தவ நூல்களில் ‘ஆமென்’ என்பதே நிலைத்துவிட்ட வடிவம். எபிரெயத்தில் இரண்டாம் அசை நெடில் என்பதால் ‘ஆமேன்’ என்று எழுதுவதில் பிழை சொல்ல முடியாது. சில பாட்டுகளில் ராகத்துக்காக அப்படி நீட்டியும் பாடுவார்கள். இஸ்லாமியச் சூழலில் எழுதும்போது ‘ஆமீன்’ என்று எழுதுங்கள். முதல் எழுத்து நெடில் என்பதை மறக்க வேண்டாம். குறிலாக்கி ‘அமீன்’ என்று எழுதினால் கோர்ட் ஆள் வந்துவிடுவார்.